சப்பானுக்குப் போற சோடிக்கு

ஏங்கண்ணு, சப்பானுக்குப் போறியாமா? பொண்டாட்டியையும் கூட்டிட்டா? நல்லாப் போயிட்டு வா. காசு இருக்குது, காலு இருக்குது, போறதுக்கு என்ன கேடு? ஆனா பொட்டி கட்டறதுக்கு முன்னால இந்தக் கெழவன்கிட்டச் சித்த நேரம் உக்காரு. செர்ரிப் பூப் பூக்கற காலத்துல என்ற பேரனும் அவன் பொண்டாட்டியும் அங்க போனப்ப என்னையும் இழுத்துட்டுப் போனாங்க. "வாங்க அப்புச்சி, உங்களுக்கும் ஒரு அனுபவமா இருக்கும்"னான். இருந்துது. பாதி அனுபவம் சப்பானைப் பாத்தது. மீதிப் பாதி, இதுக ரெண்டும் சப்பானைப் பாத்த அழகைப் பாத்தது.

பொறப்படறதுக்கு நெம்ப முந்தியே வீட்டுல எக்செல் தாளு தயாராயிருச்சு. எந்த மணிக்கு எந்தக் கோயிலு, எந்தக் கடையில எந்தச் சூப்பு, எந்தப் படிக்கட்டுல நின்னா மூஞ்சியில நெழலு விழுகாது, அல்லாம் கட்டங்கட்டமா எழுதிக் கலர் வேற அடிச்சிருந்துது. "ஏண்டா, உன்ற கல்யாணத்துக்குக்கூட நாம இப்படி எழுதுலயே"ன்னேன். "இது சும்மா ட்ரிப் இல்ல அப்புச்சி, ஒரு தேடல்"ன்னான். எங்க இருக்குதுன்னு தெரியாததைத்தான தேடுவாங்க? இவன் அதுக்கு மேப்பே போட்டு வெச்சிருக்கறானே?

அப்புறம் ரயில் பாஸு. வெளிநாட்டுல இருந்து வர்றவனுக்கு விக்கற பாஸு, ஜே.ஆர். கம்பினி ரயில்ல ஏழு நாளைக்கு எங்க வேணாலும் போலாம். 2023 அக்டோபருக்கு முந்தி அது 29,650 யென். அப்ப லாபந்தான். அப்புறம் 50,000 ஆக்கிப்போட்டாங்க. டோக்கியோவுல இருந்து கியோட்டோவுக்கு டிக்கெட்டு 14,000 சொச்சம். போக 14, வர 14. நாரா, தகாசாகின்னு அக்கம்பக்கம் சுத்துனதைச் சேத்தாலும் 50 எட்டுல. கோயாசான் மலைக்குப் போற ரயிலுக்கு அந்தப் பாஸு செல்லவே செல்லாது, அது வேற கம்பினி. நொசோமின்னு வெருசாப் போற வண்டியில ஏறோணும்னா பாஸுக்கு மேல தனியாக் கட்டோணும். "ஆரைக் கேட்டுடா வாங்குனே?"ன்னேன். யூடியூப்புல ஒருத்தன் சொன்னானாமா. எந்த வருசம் சொன்னான்னு பாக்குல. ஆத்துல போட்டாலும் அளந்து போடுன்னு சொன்னது சும்மாவா?

ரயிலுன்னதும் ஒண்ணு சொல்லோணும். அந்தப் புல்லட் ரயிலு மொதமொத 1964 அக்டோபர் 1-ம் தேதி ஓடுச்சு, டோக்கியோ ஒலிம்பிக்ஸுக்கு ஒம்பது நாளைக்கு முந்தி. தகாசாகி போறதுக்காக டோக்கியோ ஸ்டேசன்ல நிக்கறோம். வண்டி வந்துது. சீருடை போட்ட ஆளுக வரிசையா நின்னு, எறங்கற சனத்துக்குக் குனிஞ்சு கும்புட்டாங்க. உள்ள போனாங்க. சீட்டைத் திருப்பறாங்க, பலகையைத் தொடைக்கறாங்க, கீழ கூட்டறாங்க, மேல ஆராவது பையை மறந்துட்டாங்களான்னு எட்டிப் பாக்கறாங்க. ஏழே நிமிசம். வெளிய வந்து மறுக்காக் கும்புட்டாங்க. முடிஞ்சுது.

பேரன் கண்ணு கலங்கிப்போச்சு. "அப்புச்சி, இது ஒரு ஃபிலாசபி"ன்னான்.

"இல்ல சாமி, இது கூட்டறது"ன்னேன்.

அமெரிக்காவுல ஹார்வர்டு பிசினஸ் பள்ளிக்கூடத்துல இதைப் பாடமாவே எழுதி வெச்சிருக்காங்களாமா. வெச்சுக்கட்டும். அந்தக் கூட்டற அம்மாவுக்கு அடுத்த வண்டி வந்துருச்சு, ஃபிலாசபி பேச நேரமில்ல. அது கெடக்குது, நீ எப்பவாச்சும் உன்ற ரூமைக் கூட்டியிருக்கறியா? ஏழு நிமிசம் வேண்டாம். எழுபது எடுத்துக்கோ.

தகாசாகிக்கு எதுக்குப் போனோம்? தாருமா பொம்மைக்கு. செவப்பா, உருண்டையா, கையும் காலும் இல்லாம மொறைச்சுட்டு இருக்கும். அது வேற ஆருமில்ல, போதிதருமரு. காஞ்சிபுரத்து ராசா மகன்னு நம்ம பக்கத்துல ஒரு வழக்கு. ஒம்பது வருசம் செவுத்தைப் பாத்தே தவமிருந்து காலு சூம்பிப்போச்சுன்னு அவங்க பக்கத்துல ஒரு கதை. அதனாலதான் பொம்மைக்குக் காலில்ல. கண்ணும் வெறும் வெள்ளையா இருக்கும். ஒரு காரியத்தை மனசுல நெனச்சு ஒரு கண்ணை எழுதோணும். காரியம் நடந்தாத்தான் மறு கண்ணு. அதுவரைக்கும் ஒத்தைக் கண்ணோட உன்னையே பாத்துட்டு உக்காந்திருக்கும், என்னடா ஆச்சு உன்ற சோலின்னு. நல்ல ஏற்பாடு. இவன் என்ன பண்ணுனான் தெரியுமா? வாங்குன அன்னைக்கு ராத்திரியே ரெண்டு கண்ணையும் எழுதிப்போட்டான். ஒத்தைக் கண்ணு போட்டோவுல நல்லா இல்லையாமா. "என்ன நெனச்சுடா எழுதுனே?"ன்னேன்.

"பொறுமை வேணும்னு நெனச்சேன் அப்புச்சி."

கியோட்டோவுக்குப் போனோம். அங்க ஃபுஷிமி இனாரின்னு ஒரு மலைக்கோயிலு. செவப்பு வாசக்காலா நட்டு நட்டு மலை உச்சி வரைக்கும் கொண்டு போயிருக்காங்க, ஆயிரக்கணக்குல. மலை ஒண்ணும் பிரமாதமில்ல, 233 மீட்டரு. ஆனா முக்காவாசிச் சனம் உச்சிக்குப் போறதில்ல. படம் எடுக்கற எடம் வந்துதா, எடுத்தாங்களா, திரும்புனாங்களா, அவ்வளவுதான். அவன் பொண்டாட்டி அம்மிணியும் அந்த எடத்துல நின்னா. கண்ணை மூடிட்டா. அவன் எடுத்தான். கீழ என்ன எழுதலாம்னு ரெண்டு பேரும் ரோசனை பண்ணி, "என் ஆன்மாவைத் தேடி"ன்னு எழுதுனாங்க.

நான் நாலு படி மேல ஏறித் திரும்பிப் பாத்தேன். ஏறறப்ப வெறும் செவப்பாத் தெரியற தூணெல்லாம் எறங்கறப்பக் கறுப்பு எழுத்தாத் தெரியுது. என்னடா எழுதியிருக்குதுன்னு கேட்டேன். செல்லைக் காட்டிப் படிச்சான். கம்பினி பேரு, கடை பேரு, முதலாளி பேரு, குடுத்த வருசம் மாசம். நம்மூருக் கோயில்ல டியூப் லைட்டு வெளிச்சத்தை மறைச்சுட்டு உபயம்னு எழுதியிருக்குமே, அதேதான், இங்க மரத்தூணுல. இனாரிங்கறது மொதல்ல நெல்லுச் சாமி, அப்புறம் யாவாரத்துக்கும் அதே சாமி. அங்க இருக்கற கல்லு நரிக சிலது வாயில களஞ்சியச் சாவியைக் கவ்விட்டு நிக்குது. கடை நல்லா ஓடோணும், அதுக்கு ஒரு வாசக்காலு. குடுத்தவன் ஒளிவு மறைவில்லாம எழுதியே வெச்சுப்போட்டான். அம்மிணி ஆன்மாவைத் தேடுன எடத்துல அவ தலைக்கு மேல எந்தக் கட்டடக் கம்பினி நிக்குதோ, அந்தப் படத்துல மட்டும் தெரியாது, அவன் கீழ இருந்து எடுத்தான்.

அன்னைக்குப் பூரா ரெண்டு பேரும் வாடகைக் கிமோனோவுலதான். கடையில ஒரு பாட்டி கட்டிவிட்டுது. எடப்பக்கத் துணி மேல வரோணும், வலப்பக்கம் உள்ள போகோணும். மாத்திக் கட்டுனா அது பொணத்துக்குக் கட்டற மொறை. அந்தப் பாட்டியே செல்லுல எழுதிக் காட்டுச்சு, சரியாத்தான் கட்டுச்சு. இவன் வெளிய வந்து கண்ணாடி மாதிரித் திருப்பி எடுக்கற செல்ஃபி எடுத்தான். அதுல எடம் வலமாயிருமில்ல? படத்துல ரெண்டும் பொணக்கட்டுல பல்லைக் காட்டிட்டு நிக்குதுக. அதையே சொந்தபந்தத்துக்கெல்லாம் தாட்டி விட்டாங்க. நான் வாயைத் தொறக்குல. லைக்கு நெம்ப வந்துதாமா.

அந்தக் கோலத்துலயே கியோன் வீதிக்குப் போனா, சந்து முனையில பலகை. உள்ள வராதே, வந்தா 10,000 யென் அபராதம். 2024-ல இருந்து அப்படித்தான். ஏன்? மாய்க்கோங்கற ஆட்டக்காரப் பொண்ணுக அந்தச் சந்துல வேலைக்குப் போறப்ப வெளியூர்க்காரன் வழியை மறிச்சு, துணியைப் புடிச்சு இழுத்து, படமெடுத்துத் தொந்தரவு பண்ணியிருக்கான். வேலைக்குப் போற பொண்ணை நடுவீதியில மறிச்சா நம்மூர்ல என்ன கெடைக்கும்? அங்க பலகையோட விட்டாங்க. நல்ல சனம்.

கிமோனோ போட்டாச்சுன்னா டீ குடிக்கோணுமில்ல? அதுக்கும் தாளுல ஒரு கட்டம். அந்த ஊர்ல டீக் குடிக்கறதை ஒரு மொறையா ஒழுங்கு பண்ணுன பெரிய மனுசன் சென் நோ ரிக்யூ, 1522-ல பொறந்தவரு. அவரு டீக்குடிசைக்கு வெச்ச வாசலைப் பாக்கோணும் நீ. ஒசரம் 66 சென்டிமீட்டரு பக்கந்தான். எப்பேர்ப்பட்ட படைத்தலைவனும் கத்தியை வெளிய வெச்சுப்போட்டு முட்டி போட்டு ஊந்துதான் உள்ள போகோணும். அவரு கட்டுனதாச் சொல்ற தாய்-ஆன் குடிசையில ரெண்டு பாய் விரிக்கறதுக்குத்தான் எடம். மண் செவுரு, கறுப்புக் கிண்ணம். நாட்டையே ஆண்ட ஹிதேயோஷி, தங்கத்துலயே ஒரு டீ ரூமு பண்ணி வெச்சிருந்தாரு. கடைசியில 1591-ல அதே ஹிதேயோஷி இந்த மனுசனை வயித்தைக் கிழிச்சுக்கச் சொல்லிப்போட்டாரு. எதுக்குன்னு ஆளாளுக்கு ஒரு காரணம் சொல்றாங்க. தங்க ரூமு வெச்சிருக்கறவனுக்கு மண் செவுத்தைப் பாத்தா உறுத்துமா உறுத்தாதா, நீயே சொல்லு.

படைத்தலைவன் கத்தியை வெளிய வெச்ச வாசல்ல என்ற பேரன் செல்ஃபிக் குச்சியை உள்ள நீட்டிட்டுப் போனான். மண்டி போட்டு உக்காரோணும். நான் உக்காந்துட்டேன். அவன் ரெண்டு நிமிசத்துல அந்தப் பக்கம் சாயறான், இந்தப் பக்கம் சாயறான். டீக் கலக்குன அம்மா ஒண்ணையும் கண்டுக்குல. மூங்கில் துடைப்பம் மாதிரி ஒண்ணை வெச்சுப் பச்சைப் பொடியை நொரை வர அடிச்சு, கிண்ணத்தோட அழகான பக்கம் நம்மளைப் பாக்கற மாதிரி வெச்சாங்க. நாம அதைத் திருப்பிப்போட்டுத்தான் குடிக்கோணும், அந்த அழகான பக்கத்துல எச்சி படக்கூடாது. எனக்கு அது புடிச்சுது. குடிச்சு முடிச்சு எந்திரிச்சா, பேரனுக்குக் காலு மரத்துப்போச்சு. அந்த வாசல்ல அவன் ஊந்து வெளிய வந்தது மட்டும் ரிக்யூ நெனச்ச மாதிரியே இருந்துது.

சாப்பாட்டுக்கு வருவோம். அதுக்குத்தான நீ போறே?

டோக்கியோவுல ஒரு ராமென் கடை. நீளமா ஒரு பலகை, பத்துப் பேரு உக்காரலாம். வாசல்ல மிசினுல காசைப் போட்டுச் சீட்டு எடுக்கோணும். வெளிய வரிசை, ஆனா சத்தமே இல்ல. உள்ள கடைக்காரரு தலையில துண்டு கட்டிட்டு நிக்கறாரு. கொதிக்கற தண்ணியில இருந்து நூடுல்ஸைச் சல்லடையோட தூக்கி ஒரு உதறு உதறுனாரு பாரு, அந்த உதறலுக்கே தனியாக் காசு குடுக்கலாம். கிண்ணத்துல அடியில காரசாரமான சாறு, மேல சூப்பு, நூடுல்ஸு, பன்னிக்கறித் துண்டு, பாதி முட்டை. ஆவி பறக்க வெச்சாரு.

பேரன் எந்திரிச்சு நின்னுட்டான். உச்சியில இருந்து ஒரு படம். சாய்ச்சு ஒரு படம். "குச்சியில தூக்கு, மெதுவா, இன்னுங்கொஞ்சம் தூக்கு"ன்னு பொண்டாட்டியை வேலை வாங்கறான். அவ சைவம். இருந்தாலும் படத்துக்காவத் தூக்கறா, மூஞ்சியைத் திருப்பிட்டு. நூடுல்ஸு அதுக்குள்ள சூப்பைக் குடிச்சு ஊதுது. எங்களுக்குப் பின்னால வந்த ஒரு ஆபீஸ்காரன் பக்கத்துல உக்காந்தான். சர்ர்ருன்னு உறிஞ்சுனான். கிண்ணத்தைத் தூக்கிச் சூப்பைக் குடிச்சான். காலிக் கிண்ணத்தை மேல் பலகையில எடுத்து வெச்சு, தன்ற எடத்தைத் துணியில தொடைச்சு, கடைக்காரருக்கு ஒரு வார்த்தை சொல்லிப்போட்டு எந்திரிச்சுப் போயிட்டான். எங்காளு அப்பத்தான் மொத வாய் வெக்கறான். வெச்சுப்போட்டுச் சொல்றான், "ரிவ்யூல சொன்ன அளவுக்கு இல்ல அப்புச்சி, ஆறுன மாதிரி இருக்குது." ஆடத் தெரியாதவ மேடை கோணல்னாளாம்.

அம்மிணி கதை அதை விடச் சிரிப்பு. ஒசாகாவுல ஒக்கொனொமியாக்கின்னு முட்டைக்கோசை மாவுல கலந்து கல்லுல வார்த்துத் தர்றாங்க. கறி வேண்டாம், மீனு வேண்டாம்னு செல்லுல எழுதிக் காட்டுனா. கடைக்காரரும் தலையை ஆட்டுனாரு. வந்துது. மேல மெல்லிசாச் சீவல் சீவலா என்னமோ தூவியிருக்குது. சூட்டுக்கு அது நெளிஞ்சு நெளிஞ்சு ஆடுது. "ஐயோ, உசுரோட ஆடுது பாருங்க"ன்னு வீடியோ எடுத்தா. குச்சியை எடுத்தா. நான் கையைப் புடிச்சேன். "அம்மிணி, அது உசுரோட இருந்த காலத்துல கடல்ல ஆடுச்சு."

சூரை மீனு கண்ணு. அவிச்சு, பொகை போட்டு, காயவெச்சு, மரக்கட்டை மாதிரி ஆக்கி, இழைப்புளி போட்டுச் சீவறது. தூத்துக்குடிப் பக்கமும் இலங்கையிலயும் மாசிக் கருவாடுங்கறாங்களே, அந்தச் சாதிதான். அந்த ஊர்ல இது பண்ற வேலையைக் கேட்டீனா உனக்குத் தலை சுத்தும். இந்தச் சீவலையும் கொம்புங்கற கடப்பாசியையும் ஊறவெச்சு எடுக்கற சாறுதான் பாதிச் சமையலுக்கு அடி. மிசோ சூப்பா, அதுல இருக்குது. சோபா நூடுல்ஸைத் தொட்டுக்கற சாறா, அதுலயும் இருக்குது. நரிச்சாமிக்குப் புடிச்சதுன்னு சொல்ற இனாரிச் சுஷி, பொரிச்ச டோஃபுப் பைக்குள்ள சோறு, பாத்தாப் பச்சைச் சைவம். அந்த டோஃபு வெந்ததும் பெரும்பாலும் அதே சாறுதான். கடைக்காரரு பொய் சொல்லுல. மீனு வெக்கலைங்கறாரு. சாறை அவங்க மீன் கணக்குல சேக்கறதில்ல.

அந்தச் சாத்துக்கு அம்புட்டு ருசி எதனாலன்னு 1908-ல இக்கேதா கிக்குனாயேங்கற வாத்தியாரு ரோசனை பண்ணுனாரு. டோக்கியோ பல்கலைக்கழகத்து ஆளு. கடப்பாசியில இருந்து குளுட்டமேட்டைப் பிரிச்சு எடுத்து, அந்த ருசிக்கு உமாமின்னு பேரு வெச்சாரு. அடுத்த வருசமே அதை உப்பாக்கி விக்க ஆரம்பிச்சாங்க. கடைப் பேரு என்னன்னு கேளு. அஜினமோட்டோ! ஊர்ல தள்ளுவண்டி ஃபிரைடு ரைசுல அதைப் போட்டா "வெசம்"னு மூஞ்சியைச் சுளிப்பே. கியோட்டோவுல கண்ணை மூடிட்டு "ஆஹா, உமாமி"ங்கறே. நாக்குக்குத் தெரியுமா எந்த ஊர்ல இருக்கறோம்னு?

அம்மிணி வயிறாரச் சாப்புட்ட எடம் கோயாசான் மலை. ரயில்ல போயி, கடைசியில கம்பி கட்டி இழுக்கற வண்டியில ஏறி மேல போகோணும். கூக்காய்ங்கற சாமியாரு 816-ல ஆரம்பிச்ச எடம். அம்பது கோயிலுகிட்டத் தங்க எடங்குடுத்துச் சோறும் போடறாங்க. மீனில்ல, கறியில்ல, வெங்காயம் பூண்டுகூட இல்ல. சாறு கடப்பாசியிலயும் காளான்லயும். எள்ளை அரைச்சுக் கிழங்கு மாவு சேத்து, கை வலிக்கக் கிண்டி, கட்டியா எறக்குன எள்ளு டோஃபு ஒரு துண்டு. அந்தக் குளிருல ஒறைய வெச்சுக் காயவெச்ச டோஃபு, சாத்துல ஊறுனது. செவப்பு வார்னீசுத் தட்டுல சின்னச் சின்னக் கிண்ணம். வெக்கற சின்னச் சாமியாரு ஒவ்வொரு கிண்ணத்தையும் ரெண்டு கையில புடிச்சு வெச்சாரு. அம்மிணி ஒரு பருக்கை மிச்சம் வெக்குல. படங்கூட எடுக்குல, பசி.

பேரன் அங்க வந்தது டிஜிட்டல் டீடாக்ஸுக்கு. செல்லையே தொடமாட்டேன்னு சொல்லிட்டு வந்தான். பாய் விரிச்சு அரைமணி ஆகுல, சாமியாருகிட்ட வைஃபை பாஸ்வேர்டு கேட்டுட்டு நிக்கறான்.

அந்த மலையில ஒக்குனோயின்னு ஒரு மயானம். பெரிய பெரிய சீடர் மரத்துக்கு நடுவால ரெண்டு லட்சத்துக்கு மேல சமாதி. கோடியில கூக்காய் இன்னும் தவத்துல உக்காந்திருக்கறாருன்னு நம்பிக்கை. இன்னைக்கும் நாளுக்கு ரெண்டு வேளை சோறு சமைச்சுக் கொண்டு போயி வெக்கறாங்க. வழியில கம்பினிக சமாதியும் உண்டு, வேலை பாத்துச் செத்த ஆளுகளுக்காவ. ஒண்ணு ராக்கெட்டு மாதிரி, ஒண்ணு காப்பிக் கோப்பை மாதிரி. அதுல ஒண்ணைப் பாத்துட்டுத்தான் நான் நெம்ப நேரம் நின்னேன். கரையானுக்கு ஒரு கல்லு. நட்டது ஆருன்னு நெனைக்கறே? கரையான் மருந்து அடிக்கற தொழில்காரங்க சங்கம். நாளு பூராக் கொல்றது கரையானை. கொன்னதுக்குச் சங்கம் கூடி ஒரு கல்லு, நிம்மதியாத் தூங்குன்னு. சிரிக்கறியா? நானும் சிரிச்சேன். சிரிச்சுப்போட்டுக் கும்புட்டேன். நான் எத்தனை தடவை மருந்தடிச்சிருக்கறேன், ஒரு தடவையாச்சும் அதுகளை நெனச்சிருக்கறனா?

எக்செல் தாளுல அந்தக் கல்லு இல்ல. பேரன் ராக்கெட்டோட நின்னு படம் எடுத்துட்டான்.

அப்புறம் இக்கிகாய், வாழறதுக்கு ஒரு காரணம்னு அர்த்தமாமா. நீயும் அந்தப் பேருல வந்த பொஸ்தகம் வெச்சிருப்பே, நீலமா இருக்கும். ஒக்கினாவாத் தீவுல ஒகிமின்னு ஒரு கிராமம், அங்க கெழடுக நூறு வயசு வரைக்கும் எப்படி இருக்குதுகன்னு எழுதுனது. எழுதுன ரெண்டு பேரும் ஸ்பெயின் நாட்டுல பொறந்தவங்க. 2016-ல வந்துது. சப்பான் கெழவிக காத்தால எந்திரிச்சுக் காய்கறிப் பாத்தியில களை புடுங்கறதை ஸ்பெயின்காரங்க எழுத, அதைப் பொள்ளாச்சியில நீ மத்தியானம் பன்னண்டு மணிக்குக் கட்டில்ல படுத்துட்டுப் படிக்கறே. அந்தக் கெழடுக விரும்பி என்ன திங்குதுக? பாவக்காய். டோஃபுவோட வதக்கித் திங்குதுக. உன்ற ஆத்தா பாவக்காய் வெச்சா நீ தட்டைத் தள்ளி விடறதில்ல?

என்ற பேரன் அந்தப் பொஸ்தகத்தோட நிக்குல. சப்பானுக்கு மரியாதையா இருக்கட்டும்னு, அந்த வார்த்தையை அந்த ஊரு எழுத்துலயே முழங்கையில பச்சை குத்திட்டு வந்தான். ஹக்கோனேயில வெந்நீர் ஊத்துக் குளிக்கப் போனோம். வாசல்லயே பலகை, பச்சை குத்துனவனுக்கு எடமில்ல. சப்பானுக்கு வெச்ச மரியாதைக்குச் சப்பான் குடுத்த பதிலு. கடைசியில ஒரு பிளாஸ்திரி வாங்கி ஒட்டிட்டு உள்ள வந்தான். அங்க பொட்டுத் துணி இருக்கக் கூடாது. மொதல்ல குட்டி முக்காலியில உக்காந்து அழுக்குப் போகத் தேச்சுக் குளிச்சுப்போட்டுத்தான் தொட்டியில எறங்கோணும். துண்டு தண்ணியில படக்கூடாது, மடிச்சுத் தலை மேல வெச்சுக்கோணும். பேரன் வெக்கப்பட்டு மூலையில ஒண்டிட்டு நிக்கறான். கெணத்துல குளிச்சு வளந்த எனக்கென்ன வெக்கம்? என் பக்கத்துல எனக்கு மூத்த கெழவரு ஒருத்தரு தலையில துண்டோட கண்ணை மூடிக் கெடந்தாரு. நானும் கெடந்தேன். ரெண்டு பேரும் ஒரு வார்த்தை பேசுல. அந்தச் சப்பான்லயே எனக்கு நல்ல சிநேகிதரு அவருதான்.

கக்கூசு பத்திச் சொல்லலைன்னா கோவிச்சுக்குவே. 1980-ல டோட்டோ கம்பினி வாஷ்லெட்டுன்னு கொண்டாந்துது. பொத்தானை அமுக்குனாத் தண்ணி பீச்சும். பேரன் வெளிய வந்து, "அப்புச்சி, என்ன டெக்னாலஜி! தண்ணியிலயே கழுவி விடுது"ங்கறான். ஏண்டா, உன்னை நாங்க எதுல கழுவி வளத்தோம்? ஆனா குந்தற எடத்தைக் குளிருக்குச் சூடு பண்ணி வெச்சிருக்கறான் பாரு, அதுக்கு ஒரு கும்புடு.

ஃபூஜி மலைக் கூத்தையும் கேளு. ஒசரம் 3,776 மீட்டரு. கவாகுச்சிகோவுல ஒரு லாசன் மளிகைக்கடைக் கூரைக்கு மேல அது நிக்கற மாதிரிப் படமெடுக்கத்தான் கூட்டம். ரோட்டைக் குறுக்க ஓடறது, குப்பை போடறது, பக்கத்து டாக்டரு எடத்துல ஏறறதுன்னு அக்கம்பக்கத்தவங்க உசுரை எடுத்திருக்காங்க. 2024 மே மாசம் ஊர்க்காரங்க ரெண்டரை மீட்டரு ஒசரத்துக்குக் கறுப்புத் துணி கட்டி மலையையே மறைச்சுப்போட்டாங்க. கொஞ்ச நாள்லயே துணியில ஓட்டை. செல்லு நொழையற அளவுக்கு. திரும்புன பக்கமெல்லாம் தெரியற மலையை ஓட்டை வழியாப் பாத்த கூட்டம் ஒலகத்துல அது ஒண்ணுதான்.

சோத்துக்கு வழி சொல்றேன் கேட்டுக்கோ. வாழ்நாள் அனுபவம்னு ஒருத்தன் எழுதி வெச்ச கடையில ரெண்டு மணி நேரம் நிக்காதே. செவன்-இலெவன் மாதிரிக் கடையில ஒனிகிரின்னு முக்கோணச் சோத்து உருண்டை இருக்கும், வெலை கம்மிதான். உள்ள புளிப்பும் உப்புமா உமெபோஷிக் காய் வெச்சது கேளு. காயிதத்துல ஒண்ணு ரெண்டு மூணுன்னு போட்டிருக்கும், அந்த வரிசையிலயே பிரிச்சாக் கடப்பாசித் தாளு மொறுமொறுன்னு சோத்தைச் சுத்திக்கும். மாத்திப் பிரிச்சா தாளு தனி, சோறு தனி. அதைத் தின்னுட்டு நான் கம்முனு இருந்தேன். பேரன் அசல் சப்பான் ருசி தேடியே அலைஞ்சு களைச்சு, ஒரு ராத்திரி நான் தேட ஆரம்பிச்சுட்டான். "நான்"னா நானில்லடா, தந்தூரி நான். இந்தியச் சாப்பாட்டுக்கடைன்னு போர்டு, அடுப்புல நிக்கறது நேபாளத்துக்காரரு. அட, குழம்புச்சோறுதான் வேணும்னா அந்த ஊரே திங்குதே. இங்கிலாந்துக்காரன் வழியா அங்க போன கறி அது. கடற்படைக்காரங்க இன்னைக்கும் வெள்ளிக்கெழமையானாக் கறிச்சோறு ஆக்கறாங்க. ராஷ் பிகாரி போஸ்ங்கற நம்ம வங்காளத்துப் போராளி, வெள்ளைக்காரனுக்குத் தப்பி 1915-ல அங்க போயி, நாகமுராயாக் கடைக்காரரு மகளையே கட்டிக்கிட்டு, 1927-ல அந்தக் கடையில இந்தியக் கறியையே போட வெச்சாரு. டோக்கியோ சிஞ்சுக்குவுல அந்தக் கடை இன்னும் இருக்குது. போனா அங்க போ.

குப்பைத்தொட்டி தேடாதே, கெடைக்காது. 1995-ல டோக்கியோ பாதாள ரயில்ல வெசவாயு விட்டதுக்கப்புறம் நெம்பத் தொட்டிகளை எடுத்துப்போட்டாங்க. தின்ன காயிதத்தை மடிச்சுப் பையில வெச்சுக்கோ, ராத்திரி ரூமுல போடு. டிப்ஸு குடுக்காதே, தொரத்திட்டு வந்து திருப்பிக் குடுப்பாங்க. குச்சியைச் சோத்துல நட்டு வெக்காதே, அது எழவு வீட்டுல பண்றது. உன்ற பொண்டாட்டியும் சைவம்னா "மீன் சாறுங்கூட வேண்டாம்"னு சப்பான் எழுத்துல ஒரு சீட்டு எழுதி வெச்சுக்கோ, வெறும் மீனு வேண்டாம்னு எழுதாதே.

இன்னொண்ணு. கோயிலு, டீக்குடிசை, சத்திரம்னு எங்க போனாலும் வாசல்லயே சப்பாத்தைக் கழட்டச் சொல்லுவாங்க, உன்ற பெருவெரலை ஊரே பாக்கும். ஓட்டையில்லாத காலொறையா நாலு சோடி எடுத்து வெய்யி.